பழைய சாலையில் முந்திச் சென்ற காலம்



சென்ற பள்ளி விடுமுறையில் தஞ்சோங் மாலிமிலிருந்து தாப்பா வரை பழைய சாலையிலேயே மகிழுந்தை ஓட்டிச் சென்றேன். அருகில் அமர்ந்திருந்த அப்பா ஒரு காலத்தில் அதே சாலையில் லோரி ஓட்டியவர். சிலிம் ரீவரைத் தாண்டியதும் செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்து கொண்டிருந்தது. அதன் பின்னால் 7 வண்டிகள், நாங்கள் எட்டாவது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்தான். அப்பா என் பக்கம் திரும்பாமலேயே, "எடம் விட்டு ஓட்டு" என்றார். சிறு வயது முதல் நான் கேட்டுவரும் சொற்கள் அவை. அவற்றுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதனை இன்று எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இன்றைய மாணவர்களுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை இல்லாத மலேசியாவைக் கற்பனை செய்வதே கடினம். அந்நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994 செப்டம்பரில்தான். அதற்கு முன், ஜொகூர் பாருவிலிருந்து கெடாவின் புக்கிட் காயூ ஈத்தாம் வரை மேற்குக் கரையின் போக்குவரத்தைச் சுமந்தது கூட்டரசு சாலை 1. பெரும்பகுதியும் போக ஒரு தடம், வர ஒரு தடம். விரைவுப் பேருந்து, மரக்கட்டை லோரி, பால்மரம் வெட்டிவிட்டுத் திரும்புவோரின் மிதிவண்டி எல்லாம் அதிலேதான். முந்த வேண்டுமானால் எதிரே வருபவனின் பாதையைச் சில விநாடிகள் கடனாக வாங்க வேண்டும். அவன் வந்து சேருமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மலாயில் இதற்குப் 'போத்தோங்', அதாவது வெட்டுதல் என்று பெயர். எங்கள் வீட்டில் "வெட்டிப் போறது" என்றே சொல்வோம். 'முந்துதல்' என்னும் சொல்லைவிட அதில் உண்மை அதிகம் இருப்பதாக எனக்குப் படும்.

அச்சாலை வளைந்து நெளிந்து போவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் பொதுப்பணித் துறையின் சாலைக் கூட்டங்களில் மண்வெட்டி பிடித்தவர்களில் நம் முன்னோர் பலர். ஈய வயல்களையும் தோட்டங்களையும் இணைத்து, குன்று வந்தால் சுற்றிக்கொண்டு போட்ட சாலை அது. மாட்டு வண்டிக்கு அது போதும். மோட்டார் வண்டி பெருகியபோது போதவில்லை. முந்த நினைப்பவனுக்கு முதலில் வேண்டியது தொலைவு வரை தெரியும் பார்வை. எனவே போருக்கு முன்பே சில இடங்களில் வளைவுகளை ஒதுக்கிவிட்டு நேர்ப்பாதை அமைத்தார்கள். ஒதுக்கப்பட்ட பழைய வளைவுகள் காட்டுக்குள்ளேயே கிடந்தன.

அந்த வளைவுகள் போர் வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டன. 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியற்காலையில், சிலிம் ரீவருக்கு வடக்கே துரோலாக் பகுதியில் தற்காப்பு அரண்களால் தடுக்கப்பட்ட ஜப்பானியக் கவச வண்டிகள், கைவிடப்பட்ட அந்தப் பழைய வளைவுகளுக்குள் புகுந்து அரண்களைச் சுற்றிக்கொண்டு மீண்டும் பெருஞ்சாலையில் ஏறின. சில மணி நேரத்தில் 11ஆவது இந்தியப் படைப்பிரிவு சிதறிப் போயிற்று. அவ்வழியே போகும்போதெல்லாம் எந்தப் புதருக்குள் அந்த வளைவு இருந்திருக்கும் என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

சரி, கோட்டுக்கு வருவோம். சாலையின் நடுவே கோடு போட வேண்டும் என்பது ஒரு காலத்தில் யாருக்கும் தோன்றாத எண்ணம். அமெரிக்காவின் மிச்சிகனில் 1911இல் எட்வர்ட் ஹைன்ஸ் என்பவர் முயற்சியால் நடுக்கோடு வரையப்பட்டது. கலிபோர்னியாவில் ஜூன் மெக்கரோல் என்னும் பெண் மருத்துவர், லோரி ஒன்றினால் சாலையோர மணலுக்குத் தள்ளப்பட்டபின், 1917இல் தாமே ஒரு வெள்ளைக் கோட்டை வரைந்தார். அரசு அதனை ஏற்க 1924 வரை போராட வேண்டியிருந்தது. இரவில் கோடு தெரியாதே என்னும் குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் பெர்சி ஷா. சாலையில் பதிக்கும் 'பூனைக் கண்' கண்ணாடிக்கு 1934இல் காப்புரிமை பெற்றார். கடக்கக் கூடாத இரட்டை வெள்ளைக் கோட்டுக்குப் பிரிட்டன் 1959இல் சட்ட வலிமை தந்தது. நம் நாட்டு வண்டியோட்டிகளும் இரட்டைக் கோடு என்றால் வெட்டக் கூடாது, விட்டுவிட்டு இருந்தால் வெட்டலாம் என்றுதான் படித்துத் தேர்வு எழுதுகிறோம்.

அந்தக் கோடு வளைவையும் மேட்டையும் கணக்கில் கொண்டு போடப்படுவது. அதனால் வண்டிகளின் வரிசையைப் பார்க்க முடியாது. இதனை விளக்க ஓர் எளிய கணக்குப் போதும். ஆறாம் ஆண்டு மாணவரே செய்துவிடுவார்.

லோரி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது. நாம் 80இல் முந்துகிறோம். வேறுபாடு 20 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 5.5 மீட்டர். லோரிக்கு 20 மீட்டர் பின்னாலிருந்து புறப்பட்டு, 25 மீட்டர் முன்னால் போய்ச் சேர வேண்டும். லோரியின் நீளம் 10, நம் வண்டியின் நீளம் 5. மொத்தம் 60 மீட்டர். 11 விநாடி ஆகும். அந்த 11 விநாடியில் நாம் சுமார் 240 மீட்டர் ஓடியிருப்போம். எதிரே 90 கிலோமீட்டரில் வருபவர் 275 மீட்டர் வந்திருப்பார். ஆகவே, ஒரே ஒரு லோரியை வெட்ட அரைக் கிலோமீட்டருக்கு மேல் சாலை வெறுமையாக இருக்க வேண்டும்.

இப்பொழுது அந்த லோரிக்குப் பின்னால் 4 மகிழுந்துகள், 10 மீட்டர் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் நுழைய இடமில்லாததால் ஐந்தையும் ஒரே மூச்சில் கடக்க வேண்டும். 60 மீட்டர் 120 ஆகிவிடுகிறது. நேரம் 22 விநாடி. தேவையான வெற்றுச் சாலை 1 கிலோமீட்டருக்கு மேல். பேராக்கின் பழைய சாலையில் 1 கிலோமீட்டர் நேராகத் தெரியும் இடங்களை விரல்விட்டு எண்ணலாம். அதே 4 வண்டிகளும் 2 விநாடி இடைவெளி, அதாவது 33 மீட்டர் விட்டுப் போனால், ஒவ்வொன்றாகக் கடந்து உள்ளே வரலாம். ஒரு தடவைக்கு 400 மீட்டர் போதும்.

1988ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் என் தாய்மாமா இறந்தார். பீடோருக்கும் சுங்கைக்கும் இடையே. அங்கிருந்தது விட்டுவிட்டு வரையப்பட்ட கோடுதான், சட்டப்படி வெட்டலாம். மாமா இரண்டு வண்டிகளைக் கடந்துவிட்டார். எதிரே பேருந்து வருவதைக் கண்டு இடப்பக்கம் ஒதுங்க முயன்றிருக்கிறார். துக்க வீட்டிற்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். அந்த வரிசையில் மூன்றாவதாகப் போனவராம். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அவரு உள்ள வரப் பாத்தாரு. எனக்கும் முன்வண்டிக்கும் நடுவுல எடமே இல்லண்ணே" என்று சொல்லி அழுதார். அவரை யாரும் குற்றம் சாட்டவில்லை. மாமாதானே எதிர்ப்பாதையில் இருந்தார்? எனக்கு அப்பொழுது எட்டு வயது. அவர் ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அப்பா இடம்விட்டு ஓட்டத் தொடங்கினார். பள்ளி விடுமுறைகளில் லோரியின் முன்னிருக்கையில் நானும் போவேன். அப்பா விட்ட இடத்தில் யாராவது நுழைந்துவிடுவார்கள். அப்பா மீண்டும் பின்வாங்குவார். மறுபடியும் ஒருவர். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளக்கும். நேரத்துக்குச் சரக்கு வரவில்லை என்று முதலாளியிடம் திட்டும் வாங்கியிருக்கிறார். இரண்டு விநாடி இழந்தேன், அவ்வளவுதான் என்பார்.

தள்ளியே போவதில் இன்னொரு பயனையும் அவரிடம்தான் கற்றேன். பெரிய வண்டியின் முதுகில் ஒட்டினால் அதன் பின்கதவைத் தவிர எதுவும் தெரியாது. தள்ளி வந்தால், சாலை இடப்பக்கம் வளையும்போது அதன் இடப்புறமாகவும், வலப்பக்கம் வளையும்போது வலப்புறமாகவும் முன்னே பார்க்கலாம். நமக்கு முன்னால் ஒருவர் வெட்டிப் போகும்போது அவர் பின்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது என்பதும் அவர் பாடம். அவருக்கு உள்ளே நுழைய ஓர் இடம் இருக்கும், நமக்கு இருக்காது.

ஒன்றில் மட்டும் சக ஓட்டுநர்களோடு அப்பா ஒத்துப்போகவில்லை. அக்காலத்து லோரிக்காரர்கள், முன்னே சாலை வெறுமையாக இருந்தால் இடப்பக்க விளக்கைச் சிமிட்டிப் பின்னால் வருபவருக்கு வழி சொல்வார்கள். வலப்பக்கம் சிமிட்டினால் வராதே என்று பொருள். நல்ல மனத்தோடு செய்ததுதான். ஆனால் அப்பா ஒருநாளும் இடப்பக்கம் சிமிட்டியதில்லை. "என் கண்ண நம்பி அவன் போவக் கூடாது" என்பார். எனக்கு அது சற்று மிகையாகவே பட்டது. இன்றும் அந்த விளக்கைக் கண்டால் நன்றி சொல்லத்தான் தோன்றும்.

1982இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இன்று ஏற்றங்களில் மெதுவான வண்டிகளுக்குக் கூடுதல் தடம் இருக்கிறது. 1989இல் கூட்டரசு சாலைகளுக்கு 90 கிலோமீட்டர் வேக வரம்பு வந்தது. 1994க்குப் பின் நெடும்பயண வண்டிகள் பழைய சாலையை விட்டு நீங்கின. பெந்தோங்கிலிருந்து குவா மூசாங் வழியாகக் கிளந்தான் போகும் சாலையில் பெருநாள் காலத்தில் பயணம் செய்தவர்களுக்கு அந்தப் பழைய வரிசை நன்கு தெரிந்திருக்கும். கூடுதல் தடம் முடியும் இடத்தில் கடைசி வண்டியையும் வெட்டிவிடத் துடிப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள்.

சென்ற விடுமுறைப் பயணத்துக்குத் திரும்புகிறேன். நான் வேகத்தைக் குறைத்து இடம் விட்டேன். சிறிது நேரத்தில் வெள்ளை மைவி ஒன்று எங்களை வெட்டியது. எதிரே தண்ணீர் லோரி வந்துகொண்டிருந்தது. மைவி எங்கள் முன்னால் ஒதுங்கிக்கொண்டது. அதை ஓட்டியவர் நன்றியாகக் கையைத் தூக்கவில்லை. எங்கள் பின்னால் வந்தவர் நீளமாக ஹார்ன் அடித்தார். "பரவால்ல, மறுபடியும் கொஞ்சம் பின்ன போ" என்றார் அப்பா.