உறங்காத முந்திரிகை

பிரெஞ்சு நடிகர் ஜெரார் தெபார்தியூ திராட்சை மதுவின்பால் கொண்ட காதல் பருகுவதோடு அமையவில்லை. 1989 இல் லுவார் ஆற்று நாட்டிலே, தீஞே என்னும் ஊரின் மாளிகையை அதன் திராட்சைத் தோட்டங்களோடு விலைக்கு வாங்கினார். மதுவின் சுவை நிலத்திலே பிறப்பது என்பது அந்நாட்டார் கொள்கை. நீர்வேலி உழவரும் அதனை மறுக்கமாட்டார்.

திராட்சையை யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பர். பிரான்சிலே அக்கொடி குளிர்காலத்தில் உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறையே பழுக்கும். நீர்வேலி முதலாய வலிகாமத்துச் செம்மண் ஊர்களில் அதற்கு உறக்கமே இல்லை. கவ்வாத்துக் கத்தரியே இங்கே குளிர்காலம்! கிளையை வெட்டிக் கிணற்று நீர் பாய்ச்சினால், சில நாட்களில் தளிர்த்து, ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை தரும். ஆண்டில் இருமுறையும் தரும். மது வடித்தலும் புதிதன்று. தோமஸ் அடிகளார் 1928 இல் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்துத் துறவியர் திராட்சை இரசத்துக்குப் பெயர் பெற்றனர்.

உறங்காத கொடியை ஒருவர் ஓயாது பார்த்திருத்தல் வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இல் போரினால் வலிகாம மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தனர். வெட்டுவாரும் இறைப்பாரும் இலராயினர். அவர்கள் மீளத் தொடங்கியது 1996 ஏப்ரிலிலே. இடைப்பட்ட ஆறு மாதம், கவ்வாத்துக்கும் அறுவடைக்கும் இடையிலுள்ள காலத்தினும் நீண்டது.