முதுகில் ஓர் ஊசி: ஆராவிலிருந்து ஒரு பயத்தின் வரலாறு

ஆராவ் மாநில வைத்தியசாலையில் 1921ஆம் ஆண்டு ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் நோயாளியின் முழங்காலுக்குள் குழாய் ஒன்றைச் செலுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தார். வயிற்றைப் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட கருவி அது. மூட்டை வாயுவால் ஊதிப் பெருப்பித்து, கிழிந்துபோன சவ்வைக் கண்ணால் கண்டு, அதன் பிறகே கத்தியைக் கையிலெடுத்தார். டென்மார்க்கில் நோர்டன்ரொஃப்ட் 1912இலும் தோக்கியோவில் தக்காகி 1918இலும் இந்த வழியில் இறங்கியிருந்தார்கள். ஆனால் உயிருள்ள நோயாளிகளில் அதை ஒழுங்காகச் செய்து, முடிவுகளை எழுதி வெளியிட்ட முதல் ஆட்களில் ஒருவர் ஆராவின் ஒய்கேன் பிர்ஹர். (காலையில் நாம் உண்ணும் பிர்ஹர்மியூஸ்லியின் பிர்ஹர் வேறொருவர். அவரும் ஆராவில் பிறந்தவர்தான்.)

இந்தப் பிர்ஹரை நாம் கொண்டாடிவிட்டுப் போக முடியாது. அவர் இராணுவத் தளபதியும் அரசியல்வாதியுமாக இருந்தவர். 1941இல் ஜேர்மன் படைகளின் பக்கமாகக் கிழக்குப் போர்முனைக்குச் சுவிஸ் வைத்தியர்களை அனுப்பியதில் முன்னின்றவர். 1942இல் யூத அகதிகளுக்கு எல்லையைத் திறப்பதா என்று நாடு விவாதித்தபோது, வேண்டாம் என்று வாதிட்டவர்களில் ஒருவர். நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொரு அகதிக் கூட்டம் இதே மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. அவர்களின் முழங்கால்கள் இப்போது அவர் வேலை செய்த வைத்தியசாலைக்கு வருகின்றன. வரலாறு சில வேளை இப்படித்தான் ஆட்களை ஒரே கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

எண்பதுகளில் இளைஞர்களாக வந்தவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவியும், மாடிப்படிகளைத் துடைத்தும், முதியோர் இல்லங்களில் ஆட்களைத் தூக்கி இருத்தியும் முப்பது ஆண்டுகள் நின்ற கால்கள். மூட்டு தேய்ந்துவிட்டது, செயற்கை மூட்டு வைக்கலாம் என்கிறார் வைத்தியர். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: முழு மயக்கம் தேவையில்லை, இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கப் பண்ணலாம், முதுகில் ஒரு ஊசி போதும். நான் கேட்டவரையில் பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரே பதில்தான். "ஐயோ, முதுகில வேண்டாம். என்னை முழுசா மயக்கச் சொல்லு பிள்ளை."

இந்தப் பதிலை அறியாமை என்று பிள்ளைகள் கணக்குப் பண்ணிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பயத்துக்கு ஊரும் தேதியும் உண்டு. அதற்குக் காரணமான மருந்தொன்று, ஆராவிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய பாசலில் பிறந்தது.

முதல் ஊசியிலிருந்து தொடங்கலாம். 1898 ஓகஸ்ட் 16, வட ஜேர்மனியின் கீல் நகரம். கணுக்கால் மூட்டில் காசநோய் கொண்ட முப்பத்துநான்கு வயதுத் தொழிலாளி ஒருவரின் முள்ளந்தண்டு நீருக்குள் ஔகுஸ்ட் பியர் சிறிதளவு கொக்கெயினைச் செலுத்தினார். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்புதான் கொக்கெயின் கண்ணை விறைக்கப் பண்ணும் என்பதை வியன்னாவின் கார்ல் கொல்லர் உலகுக்குக் காட்டியிருந்தார். பியரின் நோயாளிக்குக் கால் நோகவில்லை. ஆனால் பிறகு முதுகுவலி, தலையிடி, வாந்தி எல்லாம் வந்தன. மேலும் சில நோயாளிகளிடமும் இதையே கண்ட பியர், ஓகஸ்ட் 24ஆம் திகதி தன் உதவியாளர் ஹில்டபிராண்டை அழைத்துத் தன் முதுகிலேயே ஊசி போடச் சொன்னார். சிறிஞ்சு ஊசியோடு சரியாகப் பொருந்தவில்லை. மருந்தெல்லாம் வெளியே சிந்த, பியரின் முள்ளந்தண்டு நீரும் நிறைய ஒழுகிப் போனது. உடனே இருவரும் இடம் மாறினார்கள். ஹில்டபிராண்டின் முதுகில் மருந்து சரியாக இறங்கியது. அவருடைய காலில் ஊசி குத்திப் பார்த்தார்கள், எரியும் சுருட்டை வைத்தார்கள், முழங்காலுக்குக் கீழே எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார்கள். அவருக்கு ஒன்றும் நோகவில்லை. வேலை முடிந்ததும் இருவரும் வைன் குடித்து, சுருட்டுப் பிடித்துக் கொண்டாடினார்கள்.

பியர் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். எழுந்து நின்றால் தலை பிளக்கும், படுத்தால் அடங்கும். ஹில்டபிராண்டுக்கு வாந்தியும், அடித்த இடமெல்லாம் கண்டலும். தலையிடியின் காரணத்தைப் பியரே சரியாக ஊகித்தார்: ஊசி போட்ட துளை வழியாக நீர் கசிகிறது. ஆக, "முதுகில ஊசி போட்டால் தலையிடி வரும்" என்பது நம் அம்மாக்களின் கட்டுக்கதை அல்ல. அதைச் சொன்ன முதல் ஆள் அந்த ஊசியைக் கண்டுபிடித்தவர்தான்.

கொக்கெயின் ஆபத்தானது. 1905இல் நோவோகெயின் வந்ததும் ஆபத்துக் குறைந்தது. ஆனால் அதன் விறைப்பு நெடுநேரம் நிற்காது. இருபதுகளின் பிற்பகுதியில் பாசலின் சீபா நிறுவனத்தில் கார்ல் மீஷர் உருவாக்கிய சேர்மம் இந்தக் குறையைத் தீர்த்தது. பிரித்தானியச் சாம்ராச்சியம் முழுவதும் அது நூபர்கெயின் என்ற பெயரில் அறியப்பட்டது. மிகச் சிறிய அளவில் நீண்ட நேரம் வேலை செய்யும். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஆங்கில வைத்தியசாலைகளில் முள்ளந்தண்டு ஊசி என்றால் பெரும்பாலும் இந்தச் சுவிஸ் மருந்துதான்.

1947 ஒக்ரோபர் 13, இங்கிலாந்தின் செஸ்டர்பீல்ட். ஒரே நாளில், ஒரே வைத்தியரின் கையால், சிறிய சத்திரசிகிச்சைகளுக்காக நூபர்கெயின் ஏற்றப்பட்ட இருவர், சிசில் ரோவும் அல்பர்ட் வூலியும், இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்தார்கள். வழக்கு 1953இல் விசாரணைக்கு வந்தது. மருந்துக் கண்ணாடிக் குப்பிகளைக் கிருமி நீக்குவதற்காகப் பீனோல் கரைசலில் போட்டு வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வழியாகப் பீனோல் உள்ளே இறங்கியிருக்க வேண்டும் என்று நிபுணர் மக்கின்தொஷ் சாட்சியம் சொன்னார், நீதிமன்றமும் அதை ஏற்றது. 1954இல் மேன்முறையீட்டிலும் இருவரும் தோற்றார்கள். அப்படி வெடிப்பு இருக்கலாம் என்பது 1947இல் எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை, பிற்காலத்து அறிவை வைத்து முன்னைய செயலை அளக்கக்கூடாது என்பது டெனிங் பிரபுவின் நிலைப்பாடு. சட்டம் படித்தவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். சட்டத்துக்கு அது நல்ல தீர்ப்பாக இருக்கலாம். சக்கர நாற்காலியில் இருந்த இரு மனிதருக்கு நட்டஈடு இல்லை.

பீனோல் விளக்கமும் பிறகு ஆட்டம் கண்டது. ஊசிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் உப்புப் படிவைக் கரைக்கப் போட்ட அமிலம் கழுவப்படாமல் மிஞ்சி, ஊசியோடு உள்ளே போயிருக்கலாம் என்று 1990இல் ஒரு மயக்க மருந்து நிபுணர் எழுதினார். ஒரே காலையில் இருவர் பாதிக்கப்பட்டதற்கு இதுதான் எனக்கும் பொருத்தமாகப் படுகிறது. எப்படிப் பார்த்தாலும் பழி மருந்தில் இல்லை, ஊசி போட்ட கையிலும் இல்லை.

ஆனால் பயம் தீர்ப்புகளுக்காகக் காத்திருப்பதில்லை. 1950இல் நியூயோர்க் நரம்பியல் நிபுணர் ஃபொஸ்ரர் கென்னடியும் முள்ளந்தண்டு ஊசியால் வரும் வாதத்தைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்தார். பிரித்தானியாவில் அந்த ஊசி ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பின்தள்ளப்பட்டது. அமெரிக்காவில் டிரிப்ஸும் வண்டாமும் 10,098 ஊசிகளை நீண்டகாலம் பின்தொடர்ந்து, பெரிய நரம்புப் பாதிப்பு எதையும் காணவில்லை என்று அதே 1954இல் வெளியிட்டார்கள். செஸ்டர்பீல்டின் இருவர் எழுப்பிய சத்தத்தில் இந்தப் பத்தாயிரம் பேரின் மௌனம் எத்தனை பேருக்குக் கேட்டிருக்கும்?

இலங்கை, இந்திய வைத்தியர்கள் படித்தது பிரித்தானியப் பாடப்புத்தகங்களை. அந்தத் தயக்கம் அவர்களுக்கும் தெரியும். ஆனால் மயக்க இயந்திரமும், வாயுவும், பயிற்சி பெற்ற ஆளும் குறைந்த வைத்தியசாலையில் ஒரு சிறிஞ்சு பெரிய வரப்பிரசாதம். அதனால் நம் நாடுகளில் முதுகு ஊசி நின்றுபோகவில்லை. பயமும் நிற்கவில்லை. சிசேரியனுக்குப் போன பெண்கள் பிள்ளையோடு இன்னொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்: "அந்த ஊசிக்குப் பிறகுதான் இந்த நாரி உளைவு." இதையும் வைத்தியம் அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. 1990இல் பர்மிங்காமில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரை விசாரித்த ஆய்வு, பிரசவகால முதுகு ஊசிக்கும் நீண்டகால முதுகுவலிக்கும் தொடர்பு இருக்கலாம் என்றே சொன்னது. பின்னர் பெண்களைப் பிரசவத்துக்கு முன்பிருந்தே பின்தொடர்ந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் பிள்ளை பெற்ற பலருக்கு முதுகு நோகிறது. குத்திய இடத்தில் சில நாள் நோவு இருப்பது வேறு விடயம்.

பியரின் தலையிடிக்கும் வழி கிடைத்தது. அவர் காலத்து ஊசி தடித்தது. 1951இல் வந்த விட்டாக்கர் ஊசியின் நுனி பென்சில் போன்றது. அது சவ்வை வெட்டாமல் இழைகளை விலக்கிக்கொண்டு போகும். இன்றைய மெல்லிய ஊசிகளால் நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் அந்தத் தலையிடி வருகிறது. வந்தாலும், நோயாளியின் சொந்த இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து முதுகில் அதே இடத்தருகே ஏற்றித் துளையை அடைக்கலாம். 1960இல் தொடங்கிய முறை இது.

இனி ஆராவுக்குத் திரும்புவோம், ஏனென்றால் இங்கே பயம் இன்னொரு வாசலாலும் வருகிறது. அது மொழி. ஜேர்மன் பேச்சுவழக்கில் இந்த ஊசிக்கு "றூக்கன்மார்க்ஸ்நார்கோசே" என்று ஒரு பெயர் உண்டு. கூட வந்த மகள் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "முள்ளந்தண்டு நரம்புக்கு மயக்கம்" என்றாகும். எந்த அம்மாவுக்கும் நெஞ்சு பதறும். ஆனால் வளர்ந்தவரின் முண்ணாண் இடுப்பின் முதலாம் இரண்டாம் எலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே. அங்கே நீருக்குள் தனித்தனி நரம்பிழைகள் குதிரைவால் போல மிதக்கின்றன. இலத்தீனிலும் அதற்குக் குதிரைவால் என்றுதான் பெயர். தண்டில் யாரும் குத்துவதில்லை. "டைல்நார்கோசே" என்ற மற்றச் சொல்லும் சிக்கல்தான். "பாதி மயக்கம்" என்று பிள்ளை சொல்ல, பாதியில் முழிப்பு வந்துவிடும் என்று அப்பா விளங்கிக்கொள்வார்.

இதில் பிள்ளைகளைக் குறைசொல்ல நான் வரவில்லை. வைத்தியத் தமிழ் அவர்கள் கைக்கு வரவே இல்லை. அது இல்லாத பொருளும் அல்ல. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மாணவர்களுக்கு மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரசிகிச்சை நூலொன்று "இரண வைத்தியம்" என்ற பெயரில் 1867இல் தமிழில் வெளிவந்தது, பியரின் ஊசிக்கு முப்பத்தொரு ஆண்டுகள் முன்பே. கிறீன் இறந்தது 1884 மே மாதம். கொல்லரின் கொக்கெயின் செய்தி அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு செப்டெம்பரில். இந்த வைத்தியத்தின் சொற்களைத் தமிழில் ஆக்கியிருக்கக்கூடிய மனிதர் நான்கு மாதங்களால் அதைத் தவறவிட்டார்.

சொல் இங்கே அலங்காரத்துக்கல்ல. முழு மயக்கத்தில் நோயாளி பேசவேண்டியதில்லை. முதுகு ஊசியில் நோயாளியின் வாய்தான் அளவுகோல். மருந்து ஏறியதும் குளிர்ந்த எதையாவது தொடையிலும் வயிற்றிலும் வைத்து, "குளிருதா?" என்று கேட்பார்கள். குளிர் தெரியாமல் போனால் நோவும் போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் தொடுவதும் இழுப்பதும் தெரியக்கூடும். இதை முன்பே சொல்லி வைக்காவிட்டால் "எனக்கு இன்னும் விறைக்கேல்லை" என்று ஆள் அலறிவிடுவார். "தொடுறது தெரியுது, நோகேல்லை" என்று யாழ்ப்பாணத் தமிழில் இரண்டு சொல்லில் முடிகிற காரியம் அது.

சத்திரசிகிச்சை முடிந்த பிறகுதான் பெரிய வேலை. முழங்கால் மாற்றிய முதல் நாட்களின் நோவு கடுமையானது. 1957இல் சுவீடனில் உருவான, நம்மவர் மார்க்கெயின் என்று அறிந்த மருந்தை, ஒலியலைத் திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே தொடையில் செலுத்துகிறார்கள். தசை பெரும்பாலும் வேலை செய்ய நோவு மட்டும் அடங்கும். அதனால் அன்றோ மறுநாளோ நடக்கத் தொடங்கலாம். மோர்ஃபீனும் குறைவாகப் போதும். அதற்குப் பிறகு தாதி வந்து, பூச்சியத்திலிருந்து பத்துவரை எத்தனை நோகிறது என்று கேட்பார். நம் ஆட்கள் "மூன்று" என்பார்கள். முகம் எட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஏன் மூன்று? தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற கூச்சம் ஒன்று. இன்னொன்றைப் பற்றி வாய் திறப்பதே கடினம். 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, வன்னியின் கடைசி மாதங்களில் மயக்க மருந்தில்லாமல் அவயவங்கள் அகற்றப்பட்டதைப் பதிவுசெய்கிறது. கிருமி நீக்கிய துணி இல்லாமல் சேலைத் துணியால் கட்டுப் போட்டதையும் சொல்கிறது. பதுங்குகுழியிலிருந்து வந்த ஒருவரிடமோ, தன் தம்பியின் கால் அப்படிப் போனதை அறிந்த ஒருவரிடமோ, நோவின் உச்சம் பத்து என்று சொல்லி அதோடு ஒப்பிடச் சொன்னால், புதுமூட்டு வைத்த முழங்காலுக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க மனம் வருமா? தாதி மூன்று என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். நோவு தாங்காமல் காலை மடக்காதவருக்கு மூட்டு இறுகிவிடும்.

ஆகவே பக்கத்தில் நிற்கும் மகனோ மகளோ எண்ணைக் கேட்கவேண்டாம். "காலை மடக்க ஏலுமா? இரவு நித்திரை வந்ததா?" என்று கேட்கட்டும். என்ன மாதிரி நோகிறது என்றும் கேட்கட்டும்: குத்தா, எரிவா, கடுப்பா, உளைவா. எரிவு என்றால் நரம்பு, அதற்கு மருந்து வேறு. உளைவுக்கு ஜேர்மனில் சரியான சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. "டும்ஃப்" என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.