புகை போகும் வழி

நெருப்பை மூட்டுவதற்கு யோசித்த அளவு, புகையை வெளியேற்றுவதற்கு நம்மவர் யோசிக்கவில்லை. மயிலாப்பூர் மாடவீதிகளில் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளைப் பார்த்தால் இது விளங்கும். காற்றுக்கு முற்றம் உண்டு. வம்புக்குத் திண்ணை உண்டு. சமையலறை மட்டும் பின்கட்டில் இருட்டாக இருக்கும். அதன் கூரையில் ஒரு சிறு கூண்டு. அடுப்புக்கும் கூண்டுக்கும் நடுவே குழாய் கிடையாது. புகை தானாக வழி கண்டுபிடித்துப் போகவேண்டும். போகிற வழியில் சமைக்கிற பெண்ணின் கண்ணையும் மார்பையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் போயிற்று!

பக்கிங்ஹாம் கால்வாயில் படகு படகாக விறகு வந்து இறங்கிய காலம் அது. பேட்டைக்குப் பேட்டை விறகுத் தொட்டி இருந்தது. சவுக்குக் கட்டையில் ஈரம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த குடும்பத் தலைவர்கள், அடுப்படியை எட்டிப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 1934-ல் காந்தியடிகள் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அங்கே உருவானது 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பு. 'மகன்' என்றால் பிள்ளை அல்ல. காந்தியடிகளின் உறவினர் மகன்லாலின் பெயர். பிறகு ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு இதே வேலையில் இறங்கினார். கோடிக்கணக்கானவர்களுக்குப் புகையில்லாச் சமையலறை என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தை 1953-ல் சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது.

தத்துவம் எளியது. சூடான காற்று மேலே போகும். மண் அடுப்பின் பின்னால் உயரமான குழாய் ஒன்றைப் பொருத்தினால், அது புகையை மேலே இழுக்கும். விறகு வைக்கும் வாய் வழியே புதுக் காற்றும் உள்ளே வரும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. பாத்திரம் அடுப்புக் கண்ணில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். வேலையில்லாத கண்ணை மூடி வைக்க வேண்டும். குழாயின் நுனி கூரைக்கு மேலே நிற்க வேண்டும். கூரை ஓலையானால், சுடுகிற குழாய் ஓலையைத் தொடவே கூடாது. தொட்டால் புகைக்குப் பதில் வீடே போய்விடும். உள்ளே படியும் கரியை அடிக்கடி தட்டி எடுக்கவும் வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சர்க்கார் தோற்றது. 1983-ல் தேசியத் திட்டம் ஒன்று ஆரம்பமாகி, 2002-ல் முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை வைத்தது. வைத்த அடுப்புகளை எண்ணினார்கள். எரிகிற அடுப்புகள் எத்தனை என்பதற்கு அந்த அளவு முக்கியத்துவம் தரவில்லை. பின்னர் ஒரிஸ்ஸாவில் சுமார் 2,600 வீடுகளை எஸ்தர் டூஃப்ளோ முதலிய பொருளாதார அறிஞர்கள் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது. பிறகு அடுப்பு விரிந்தது, குழாய் அடைத்தது. பழுது பார்க்க ஆளில்லை. பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடைத்த குழாயுள்ள அடுப்பைவிட, குழாயே இல்லாத அடுப்பு மேல் அல்லவா?

தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இன்று காஸ் அடுப்புதான். ஆனால் வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பைக் கட்டிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதன் முன்னால் தினம் உட்காருகிறவளை, "புகை போகிறதா அம்மா?" என்று அடுத்த வருஷமும் போய்க் கேட்பதுதான் பெரிய வேலை.