பெயரும் பிரசாவுரிமையும்

பிள்ளைக்குப் பெயரிடுதல் பெற்றோரின் விருப்பத்தை மட்டுமே பொறுத்தது என்று நாம் எண்ணுகிறோம். பிழைப்புத் தேடி அந்நிய மண்ணிற் குடியேறிய மக்களின் வரலாறு வேறு கதை கூறுகின்றது. அமெரிக்காவின் மேற்குக் கரையிற் குடியேறிய யப்பானியர் இதற்குத் தக்க சான்றாவர்.

தோட்டங்களிலும் புகையிரதப் பாதைகளிலும் உழைக்கச் சென்ற இம்மக்களுக்கு அமெரிக்கப் பிரசாவுரிமை மறுக்கப்பட்டது. 1913 இல் கலிபோர்னியா மாநிலம் அவர்கள் விவசாயக் காணி வாங்குவதையும் தடை செய்தது. ஆனால், அம்மண்ணிற் பிறந்த பிள்ளைகளோ பிறப்பாற் பிரசைகள். எனவே பலர் பிள்ளைகளின் பெயரிலேயே காணி உறுதியை எழுதினர். குழந்தையின் பெயர் குடும்பத்தின் சோறாயிற்று.

அப்பெயர்களிற் பல இரு உலகங்களைச் சுமந்தன. ஆங்கிலப் பெயர் பாடசாலைக்கு. யப்பானியப் பெயர் வீட்டுக்கு. 1919 இல், ஒக்லண்ட் நகரில் மலர்ச்செடி வளர்த்து வாழ்ந்த குடும்பமொன்றின் மூன்றாவது மகனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் டொயோசபுரோ. 'சபுரோ' என்பது மூன்றாம் மகனைக் குறிக்கும். பாடசாலையிலோ அவன் 'பிரெட்' ஆனான்.

1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தை யப்பான் தாக்கியது. 1942 பெப்ரவரியில் சனாதிபதி ரூஸ்வெல்ற் பிறப்பித்த கட்டளையைத் தொடர்ந்து, ஏறத்தாழ 120,000 யப்பானிய வமிசத்தவர் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். ஆங்கிலப் பெயர் எவரையும் காக்கவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இலக்கம் வழங்கப்பட்டது. அதனைப் பொறித்த சீட்டை உடையிற் கட்டிக்கொண்டே மக்கள் புறப்பட்டனர்.

இளைஞன் பிரெட் கொரெமாற்சு முகாமுக்குச் செல்ல மறுத்தான். கிளைட் சாரா என்று பெயர் பூண்டான். கண்ணிமையையும் அறுவைச் சிகிச்சையால் மாற்ற முயன்றான். அதுவும் பயன்படவில்லை. 1942 மே மாதத்திற் கைதான பின்னர், தன் சொந்தப் பெயரிலேயே நீதிமன்றம் ஏறினான். 1944 இல் அதியுயர் நீதிமன்றம் அவனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1983 இலேயே அக்குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 1988 இல் அரசு மன்னிப்புக் கோரி, அப்போது உயிரோடிருந்த முகாம்வாசிகள் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டம் இயற்றியது.

ஒளிந்து வாழப் பூண்ட பெயர் அவனைக் காக்கவில்லை. எதிர்த்து நின்ற பெயரே இன்று சட்ட வரலாற்றில் நிலைத்திருக்கின்றது. பிள்ளைக்கு எப்பெயர் இட்டாற் பாதுகாப்பு என்று பெற்றோர் அஞ்சவேண்டிய நாட்டில், மாறவேண்டியது பிள்ளையின் பெயரன்று, அந்நாட்டின் நீதியே.