சிட்டி ஸ்லிக்கர்ஸ்: நாற்பதை நெருங்கியவர்களின் மேற்குப் பயணம்

ரொன் அண்டர்வூட் இயக்கி 1991இல் வெளியான அமெரிக்க நகைச்சுவைப் படம் 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்'. நாற்பதை நெருங்கும் மூன்று நியூயோர்க் நண்பர்கள், வாழ்க்கை அலுத்துப்போய், பணம் கட்டி நியூ மெக்சிகோவிலிருந்து கொலராடோவுக்கு மாட்டுமந்தை ஓட்டப் போகிறார்கள். பில்லி கிறிஸ்டல், டானியல் ஸ்டேர்ன், புரூனோ கேர்பி நடித்துள்ளனர். வழிநடத்தும் முரட்டு மனிதர் கேர்லியாக நடித்த ஜாக் பலன்ஸ், 1992இல் சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் விருது பெற்றார்.

வெலிமடையில் இருந்து பார்க்கும் எனக்கு, 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன எம்மவரின் நினைவு வருகிறது. அவர்கள் சாகசம் தேடிப் போனவர்களல்லர். படத்து நண்பர்களுக்குத் திரும்பிவர வீடு இருந்தது.

ஆனாலும் பார்க்கலாம். தாயை இழந்த கன்றை ஆற்று வெள்ளத்தில் இருந்து மீட்டு, மிட்ச் தன் வீட்டுக்கே கொண்டுவருகிறான். அந்த இடம் எங்களுக்கு நன்றாகவே புரியும்.