கட்டுச்சோறும் பவர் பேங்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. முப்பது ஆண்டுகள் சரித்திரப் பாடம் நடத்தியவனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி வரை படித்துவிடுங்கள். குறிப்பாகச் சென்னையிலும் பெங்களூரிலும் தினமும் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. மகள் வீட்டிலிருந்து கள்ளக்குறிச்சிக்குத் திரும்ப இரவு கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறினேன். ஃபெஞ்சல் புயல் முந்தைய நாள் இரவுதான் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. "புயல்தான் போயிடுச்சே" என்று எனக்கு ஒரு தைரியம். மகள் எவ்வளவோ தடுத்தாள், கேட்கவில்லை. வழியில் எங்காவது நிறுத்துவார்கள், சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சர்க்கரை மாத்திரையை மட்டும் எட்டு மணிக்கே போட்டுக்கொண்டேன். புத்திசாலி வாத்தியார்!

புயல் போயிருந்தது, தண்ணீர் போகவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. மறுநாள் ஊத்தங்கரையில் 50 செ.மீ. ஊத்தங்கரைத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணைக்குத்தானே வர வேண்டும்? சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம். எங்கள் பேருந்து விழுப்புரம் தாண்டி, முன்னும் பின்னும் நகர முடியாமல் நின்றுவிட்டது.

அதிகாலை மூன்றரை மணி இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. கண் மங்கியது. மாத்திரை வேலை செய்துவிட்டது, வயிற்றில்தான் ஒன்றுமில்லை. கைப்பேசியில் 6 சதவீதம் சார்ஜ், அதிலும் சிக்னல் இல்லை. சட்டைப் பையில் நாற்பது ரூபாய். தண்ணீர் பாட்டில் காலி.

பக்கத்து இருக்கையில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. வெள்ளிமலைப் பக்கத்து மலைக்கிராமம். சென்னையில் பேரனை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்புகிறவர். என் முகத்தைப் பார்த்ததும் காலடியில் இருந்த மஞ்சப்பையைத் துழாவி ஒரு வெல்லக்கட்டியை எடுத்தார். "இத வாயில போட்டுக்க சாமி. மெதுவா. தண்ணி தரேன்" என்றார். கால் மணி நேரத்தில் எனக்கு உலகம் திரும்பி வந்தது. பிறகு வாழையிலையில் கட்டியிருந்த புளிச்சோற்றில் பாதியை என் பக்கம் நகர்த்தினார்.

விடிந்ததும் அந்தப் பைக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினார். வெல்லம், வறுத்த வேர்க்கடலை, ஒரு துண்டு சுக்கு, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய தீப்பெட்டி, அரை மெழுகுவத்தி, துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி, ஒரு பாக முழக் கயிறு, ஆஸ்பத்திரிச் சீட்டு, நோட்டுத்தாளில் யாரோ எழுதிக்கொடுத்த நான்கு போன் நம்பர். சில்லறை தனியாகச் சுருக்குப்பையில்.

"எதுக்கும்மா இவ்வளவு?" என்றேன்.

"மேல இருக்கிறவங்களுக்கு எறங்குறதும் ஏறுறதும் நம்ம கையிலயா சாமி இருக்கு? மழை பெஞ்சா ரோடு இருக்காது. பொழுது எங்க சாயுதோ அங்கதான் படுக்கணும்."

அன்றிலிருந்து இது மனத்தை விட்டுப் போகவில்லை. அந்தப் பை ஒரு சரித்திர ஆவணம். அதைத்தான் இன்றைக்கு உங்களுக்குப் பாடமாக நடத்தப் போகிறேன்.

நம் பக்கத்துச் செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் நினைவிருக்கிறதா? பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடிகள். பரிசில் பெற்று வரும் கூத்தன் எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்த நூல். நாம் அதை அரசனைப் புகழும் பாட்டு என்று மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு விட்டுவிட்டோம். மீண்டும் எடுத்துப் பாருங்கள். காட்டுப் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எந்தக் குழியில் கிடக்கும், யானையை விரட்ட எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், வழுக்கும் பாறையில் எதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறார் புலவர் பெருங்கௌசிகனார். மலைவழிப் பயணத்தில் என்னென்ன ஆபத்து வரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பயணி எல்லாவற்றையும் தோளில் சுமக்கவில்லை. பாதி அவன் மூட்டையில் இருந்தது, பாதி வழியில் இருந்தது.

மூட்டையில் இருந்தது கட்டுச்சோறு. புளியும் எண்ணெயும் உப்பும் சேர்ந்தால் சோறு சீக்கிரம் கெடாது என்பது நம் பாட்டிகளின் விஞ்ஞானம். நெருப்புக்குச் சக்கிமுக்கிக் கல். தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டே தலைப்பாகை, படுக்கை, தண்ணீர் வடிகட்டி, காயக்கட்டு.

வழியில் இருந்தவை தண்ணீர்ப்பந்தல், சாவடி, சத்திரம், சுமைதாங்கி. யார் உதவியும் இல்லாமல் தலைச்சுமையை இறக்கி ஏற்றத்தான் அந்தச் சுமைதாங்கிக் கல். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டார்கள். ஒரு குடும்பத்தின் துக்கம் ஊர் பேர் தெரியாத வழிப்போக்கனுக்கு இளைப்பாறுதல் ஆனது.

சத்திரம் என்றால் சோறு போடும் இடம் மட்டும் என்று நினைக்காதீர்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குத் தம் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். வழிப்போக்கர் நோய்ப்பட்டால் மருந்தும் பத்திய உணவும் தருகிறோம், பாம்புக்கடிக்கு வைத்தியர் இருக்கிறார் என்று அதில் விவரமாகச் சொல்கிறார். அன்றைக்கு ராமேஸ்வரம் போகிறவனின் முதலுதவிப் பெட்டி அந்தச் சாலையோரத்திலேயே கட்டடமாக நின்றது.

பிறகு ரயில் வந்தது. பேருந்து வந்தது. பத்து நாள் நடை பத்து மணி நேரமானது. மூட்டை சிறுத்தது, சத்திரங்கள் பூட்டப்பட்டன. அடுத்து நான்குவழிச் சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. முன்பெல்லாம் பேருந்து நின்றால் இறங்கி ஒரு டீக்கடையில் உட்காரலாம். இப்போது புறவழிச்சாலை மேம்பாலத்தின் மேல் நின்றால் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. கடைசியாகக் கைப்பேசி வந்தது. கடிகாரம், டார்ச், பணம், வரைபடம், உறவினர் நம்பர் எல்லாம் அதற்குள் போய்விட்டன. அதன் பேட்டரி தீர்ந்தால் அத்தனையும் ஒரே நொடியில் போய்விடும்.

ஆக, வழியில் இருந்த பாதியும் போனது, மூட்டையில் இருந்த பாதியும் போனது. அந்த மலைக்கிராமத்து அம்மாவுக்கு அப்படி இல்லை. கல்வராயன் மலை மக்கள் 1976 வரை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தவர்கள். சமவெளிக்குக் கிடைத்த சாலையும் மின்சாரமும் அங்கே தாமதமாகத்தான் ஏறின. இன்றும் பல இடங்களில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். சாலையை நம்ப முடியாததால் அவர்கள் பையை விடவில்லை. பின்தங்கியவர்கள் என்று நாம் சொல்கிறோம். அன்று காலை அந்தப் பேருந்தில் பின்தங்கியிருந்தவன் நான்தான்.

பெரிய நகரங்களும் இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் படித்தன. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. வேலைக்குப் போன லட்சக்கணக்கானோர் இடுப்பளவு தண்ணீரில் நடந்தே வீடு திரும்பினார்கள். கார் கண்ணாடியைத் திறக்க முடியாமல் உள்ளேயே இறந்தவர்களும் உண்டு. 2015 டிசம்பர் 1 சென்னையை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். மின்சாரம் இல்லை, போன் இல்லை, ஏடிஎம் இல்லை.

2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்தன்று ரயில்கள் நின்றுபோய், தோக்கியோவிலும் சுற்றுப்புறத்திலும் வீடு திரும்ப முடியாமல் தவித்தவர்கள் சுமார் 51 லட்சம் பேர் என்று அந்நாட்டு அரசு கணக்கிட்டது. அதன் பிறகு தோக்கியோ நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. 2013 ஏப்ரல் முதல், நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு மூன்று நாளுக்கான குடிநீரையும் உணவையும் அலுவலகத்திலேயே இருப்பு வைக்க முயல வேண்டும். சத்திரத்தை அலுவலகத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நம் ஊரில் அது வரும்வரை நம் பைதான் நமக்குச் சத்திரம்.

என் பையில் இப்போது இருப்பவற்றைச் சொல்கிறேன். தண்ணீரைத் தவிர்த்தால் ஒரு பாடப்புத்தகத்தின் கனம்தான்.

1. அரை லிட்டர் தண்ணீர். கூடவே ஒரு ஓஆர்எஸ் பொட்டலம். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் முழுப் பொட்டலத்தைக் கொட்டாதீர்கள்.

2. கடலை மிட்டாய் நான்கு. சர்க்கரை நோயாளிகள் தனியாகக் குளுக்கோஸ் தூளோ சர்க்கரையோ வைத்துக்கொள்ளுங்கள். மயக்கம் வரும்போது கடலை மிட்டாய் மெதுவாகத்தான் ஏறும். மூன்று தேக்கரண்டி சர்க்கரை உடனே வேலை செய்யும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊட்டக் கூடாது.

3. இரண்டு நாளுக்கான வழக்கமான மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர். பெண் பிள்ளைகள் நாப்கின்.

4. ஒரு பருத்தித் துண்டு, நான்கு ஊக்கு, பிளாஸ்திரி. துண்டு எதற்கு என்று மேலே சொல்லிவிட்டேன்.

5. கைப்பேசியைச் சாராத சின்ன டார்ச். சிறிய பவர் பேங்க், அதற்கான ஒயரோடு. ஒயரை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

6. ஒரு விசில். கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டிவிடும். விசில் ஊத மூச்சு போதும்.

7. பெரிய குப்பைப் பை இரண்டு. தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டால் மழைக்கோட்டு. இல்லையென்றால் பைக்குள் பையாகப் போட்டால் காகிதம் நனையாது.

8. ஐந்நூறு ரூபாய், பத்தும் ஐம்பதும் நூறுமாக. அன்று அரசூரில் டீ விற்க வந்தவரிடம் ஜிபே கேட்டு நின்ற பொறியாளர்களை நான் பார்த்தேன். எங்கள் பேருந்தில் முதலில் டீ குடித்தவர் அந்த அம்மாதான்.

9. காகிதத்தில் எழுதிய ஐந்து நம்பர், ரத்த வகை. கூடவே 112, 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. உங்கள் மனைவியின் நம்பரை இப்போது மனப்பாடமாகச் சொல்லுங்கள் பார்ப்போம்!

கத்தி, பிளேடு வேண்டாம். பாம்பு கடித்தால் கீறுவதற்கும் இறுக்கிக் கட்டுவதற்கும் அது தேவையே இல்லை. அப்படிச் செய்வது கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போவதுதான் வைத்தியம்.

வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. மாத்திரை காலாவதியாகும், கடலை சிக்கு வாசம் அடிக்கும், பவர் பேங்க் இறங்கிவிடும். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு. உங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வு வரும்போதெல்லாம் பைக்கும் ஒரு தேர்வு வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். அந்த அம்மா பையைத் திறந்தது தமக்காக அல்ல. வெல்லம் எனக்கு, வேர்க்கடலை முன் இருக்கைக் குழந்தைகளுக்கு, வேட்டித் துணி காலில் கண்ணாடி கிழித்த ஒருவருக்கு. மத்தியானம் வண்டி நகர்ந்தபோது பை கிட்டத்தட்டக் காலி. அதனால் உங்கள் பையில் எதை வைத்தாலும் ஒன்று கூடுதலாக வையுங்கள்.

கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் ஒரு கிலோ வெல்லமும் பேரனுக்குப் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். வெல்லத்தை வாங்கிக்கொண்டு, அதிலிருந்து ஒரு கட்டியை உடைத்து என் சட்டைப் பையில் போட்டார். "ஊட்டுக்குப் போற வரைக்கும் இருக்கட்டும் சாமி" என்றார். பேருந்து நிலையத்திலிருந்து என் வீடு ஒன்றரைக் கிலோமீட்டர்.

உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். வாத்தியார் திருத்தித் தருவேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்