மமூலா, சாப், டோனல்ட்: ஒரு லைன்மேனை எப்படி எடை போடுவது?

1995 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி ஒரு பேரம் செய்தது. அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசை முறைப்படி எடுத்துக்கொள்ளும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். ஈகிள்ஸ் கையில் இருந்தது 12-ஆவது இடம். அதோடு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் இரண்டையும் டாம்பா பே பக்கனியர்ஸிடம் கொடுத்துவிட்டு, 7-ஆவது இடத்தையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் வாங்கினார்கள். அந்த 7-ஆவது இடத்தில் எடுத்த வீரர் பாஸ்டன் காலேஜின் மைக் மமூலா.

டாம்பா பே சும்மா இருந்துவிட்டு, 12-இல் வாரன் சாப்பை எடுத்தது. கிடைத்த தேர்வையும் சேர்த்து வைத்து இன்னொரு பேரம் பேசி, 28-ஆவதாக டெரிக் ப்ரூக்ஸையும் எடுத்தது. இருவரும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார்கள். ஒரே மதியத்தில் இப்படி ஒரு வியாபாரம் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததா, சந்தேகம்தான்.

மமூலாவை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கியது எது? கம்பைன். வருடாவருடம் பிப்ரவரி வாக்கில் கல்லூரி வீரர்களை ஓரிடத்தில் கூட்டிச் சோதிக்கிற முகாம் அது. 1982-இல் டாம்பாவில் ஆரம்பித்தபோது முக்கிய நோக்கமே மருத்துவப் பரிசோதனைதான். ஒவ்வொரு அணியும் தனித்தனியாக டாக்டர் வைத்துப் பார்ப்பது செலவு என்று சேர்ந்து பார்த்தார்கள். ஓட்டமும் தாண்டுதலும் மெல்ல மெல்ல மேடையைப் பிடித்துக்கொண்டன. 1987 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது.

மமூலா அந்தச் சோதனைகளுக்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு போனார். இன்று எல்லாரும் செய்வதுதான், அன்று புதுசு. 40 கஜத்தை 4.58 நொடியில் ஓடினார். 225 பவுண்டு, அதாவது சுமார் 102 கிலோ பாரத்தை 28 முறை தூக்கினார். எங்கள் துறையில் இதைத் தினமும் பார்க்கிறோம்: நேர்காணல் கேள்விகளையே ஆறு மாதம் உருப்போட்டு வருகிறவர் நேர்காணலில் ஜொலிப்பார். அவர் மோசமான ஆள் என்று அர்த்தமில்லை. மமூலாவும் கல்லூரியில் நன்றாக ஆடியவர்தான். பிரச்னை, 7-ஆவது இடம் என்ற விலை. ஈகிள்ஸில் மொத்தம் 31.5 சாக் எடுத்தார். பந்தை எறியும் முன்பே எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதுதான் சாக். சாப் எடுத்தது 96.5.

சாப் ஏன் 12 வரை இறங்கினார் என்றால், டிராஃப்டுக்கு முன் அவருடைய போதைமருந்துச் சோதனைகள் பற்றிய செய்திகள் வெளியாகின. ஆட்டத்தில் குறை சொல்ல ஆளில்லை.

இங்கே லைன்மேனின் வேலை என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்கணும். கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருக்கிறான். எதிரே 140 கிலோ ஆள், சில சமயம் இரண்டு ஆள். பந்து அசைந்ததும் முதல் அடி. அடுத்த நொடிக்குள் கை சண்டை: எதிராளியின் கை தன் மார்பில் பதியாமல் தட்டிவிடணும், இடுப்பைத் திருப்பணும், அவனுக்குக் கீழே புகுந்து தள்ளணும். உடலைத் தாழ்வாக வைத்திருப்பவனுக்கே பிடிமானம். இதில் 40 கஜ ஓட்டம் எங்கே வருகிறது? பெரும்பாலும் வருவதே இல்லை. முதல் பத்து கஜத்துக்கு எடுத்த நேரம் ஓரளவு பயன்படும். கை சண்டையை அளக்கக் கம்பைனில் எதிராளியே கிடையாது.

இனி 2014. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆரன் டோனல்ட். முந்தைய சீசனில் எதிரணியை அதன் கோட்டுக்குப் பின்னாலேயே 28.5 முறை வீழ்த்தியிருந்தார், 11 சாக். அவுட்லண்ட், லம்பார்டி, நகர்ஸ்கி, பெட்னாரிக் என்று தடுப்பாட்டக்காரருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய விருதுகள் அத்தனையும் அவர் வீட்டுக்குப் போயின. ஜனவரியில் சீனியர் பவுல் பயிற்சியில் ஒருவருக்கொருவர் மோதவிட்டபோதும் எதிரே நின்றவர்களைத் திணறடித்தார். கம்பைனிலும் குறையில்லை: 285 பவுண்டு உடம்போடு 40 கஜம் 4.68 நொடி, பாரம் 35 முறை.

அப்புறம் என்னதான் தடை? உயரம். ஆறடிக்கு மேல் முக்கால் அங்குலம்தான். நடு வரிசையில் நிற்பவன் இன்னும் இரண்டு மூன்று அங்குலம் உயரமாக, 300 பவுண்டுக்கு மேல் இருக்கணும் என்பது எழுதாத சட்டம். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் சின்ன ஆள் நகர்ந்துவிடுவான் என்ற பயம். நியாயமான பயம்தான், ஆனா பதில் ஆட்டப் படத்திலேயே இருந்தது. மாட்டுச் சந்தையில் உழவு ஓட்டிப் பார்த்த பிறகும் சுழி சரியில்லை என்று கயிற்றை விடுகிறவர்கள் உண்டு இல்லையா, அந்தக் கதை.

மமூலா விஷயத்தில் எண்கள் ஆட்டத்தை மறைத்தன. டோனல்ட் விஷயத்தில் ஆட்டமும் மற்ற எண்களும் ஒன்றையே சொன்னபோது, ஒரே ஒரு எண் எல்லாவற்றையும் மறைத்தது. கம்பைனே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எதிர்பாராத ஒரு எண் வந்தால் படத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கணும், அதுக்குத்தான் அது.

டோனல்ட் 13-ஆவதாகப் போனார், செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு. வேடிக்கை என்னவென்றால், ராம்ஸே 2-ஆவது இடத்தில் அவரைத் தாண்டிப்போய் கிரெக் ராபின்சனை எடுத்திருந்தது. ராபின்சன் மூன்று சீசனில் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். டோனல்ட் 2017, 2018, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர். 2018-இல் மட்டும் 20.5 சாக். 2022 பிப்ரவரி சூப்பர் பவுலின் கடைசித் தருணத்தில் சின்சினாட்டியின் ஜோ பர்ரோவைப் பிடித்துச் சுழற்றி, எறிதலைக் கெடுத்து ஆட்டத்தை முடித்ததும் அவர்தான்.

இந்த உயரப் பிரச்னை 2014-இல் பிறந்ததில்லை. 1990-இல் டெக்ஸஸின் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து வந்த ஜான் ரேண்டலை டிராஃப்டில் ஒருவரும் எடுக்கவில்லை. அவரும் ஆறடி ஒரு அங்குலம்தான், எடையும் குறைவு. மினசோட்டா வைக்கிங்ஸ் எடை பார்த்த அன்று, உடைக்குள் இரும்புச் சங்கிலியை மறைத்துக்கொண்டு தராசில் ஏறினார் என்று சொல்வார்கள். 137.5 சாக் எடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.